மூழ்கிய பள்ளத்தாக்கும் மூழ்காத படங்களும்

பாலை என்றதும் மணற்குன்றுகளும் கானல்நீரும் ஒட்டகங்களுமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். ஆயின், பாலை யாவும் மணலால் ஆனவை அல்ல. ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில், யூட்டா, அரிசோனா முதலிய மாநிலங்களிற் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் பாறையால் ஆன பாலையாகும். அங்கே பல இடங்களில் ஆண்டுக்குப் பத்து அங்குல மழை பெய்வதும் அரிது. அத்தகைய வறண்ட நிலத்தை ஊடறுத்துக்கொண்டு கொலராடோ என்னும் பேராறு ஓடுகின்றது. அதன் நீரிற் பெரும்பகுதி அந்நிலத்தில் பெய்த மழையால் வந்ததன்று. தொலைவிலுள்ள றொக்கி மலைத்தொடரின் பனி உருகி வருவதாகும். ஆறு தன் படுக்கையைக் கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே செல்கின்றது. ஆனால், இருமருங்கும் உள்ள பாறைகளைக் கரைத்துச் சரிவாக்குவதற்குப் போதிய மழை அங்கு இல்லை. ஆகவே, கரைகள் சுவர்போல் நிமிர்ந்து நிற்க, ஆறு மட்டும் பெரும் ஆழத்தில் ஓடுகின்றது. இவ்வாறு தோன்றிய பள்ளத்தாக்குகளை ஆற்றுக்குடைவுகள் என்பர்.

இக்குடைவுகளுட் சில இன்று தேசியப் பூங்காக்களாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. உலகின் பல பாகங்களிலிருந்தும் வரும் நிழற்படக் கலைஞர்கள், கூடாரத்தையும் உணவையும் நீரையும் கமெராவையும் சுமந்து சென்று, அங்கே பாசறை அமைத்துப் பல நாட் தங்கி நிலக்காட்சிகளைப் படம்பிடிக்கின்றனர். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாம். ஆயினும், அந்நிலத்தில் ஓரிடம் நீரில் மறைந்த கதையிலும், வேறு சில இடங்கள் தப்பிப் பிழைத்த கதையிலும் கமெராவுக்கும் பாசறைக்கும் பங்குண்டு. காணாத ஒன்றின் பொருட்டு வழக்காட எவரும் முன்வருவதில்லை என்பதே அக்கதைகள் உணர்த்தும் உண்மை.

கொலராடோ ஆற்றின் குடைவுகளை முதன்முதலாகப் படகிற் சென்று ஆராய்ந்தவர் ஜோன் வெஸ்லி பவல் என்பவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862ஆம் ஆண்டு, வலக்கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையோடு, 1869ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒன்பது தோழருடன் நான்கு படகுகளில் அவர் புறப்பட்டார். மூன்று மாதங்களின் பின்னர்ப் பயணம் முடிவுற்றபோது அவரோடு எஞ்சியிருந்தோர் ஐவர். எஞ்சிய படகுகள் இரண்டு. அம்முதற் பயணத்தில் நிழற்படக் கலைஞர் எவரும் இருக்கவில்லை. பவல் கண்டவற்றைச் சொன்னார், கேட்டவர் வியந்தனர், ஆனால், கேட்டவர் கண்ணாற் காண்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அக்குறையை அவர் உணர்ந்தார் போலும். 1871ஆம் ஆண்டில் இரண்டாம் முறை புறப்பட்டபோது, நியூயோர்க்கிலிருந்து பீமன் என்னும் நிழற்படக் கலைஞரையும் உடனழைத்துச் சென்றார்.

அக்காலத்தில் நிழற்படம் எடுப்பது எத்துணைக் கடினமான தொழில் என்பதை இன்றுள்ளோர் எண்ணிப் பார்ப்பதும் அரிது. பிலிம் சுருள் அப்போது வழக்கிற்கு வரவில்லை. 1851ஆம் ஆண்டில் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையே வழக்கிலிருந்தது. அதன்படி, கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைத்திரவத்தை ஒரே சீராகப் பரவ ஊற்ற வேண்டும். பின்பு இருட்டில் வைத்து அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். அத்தகடு உலர்வதற்கு முன்னரே கமெராவில் வைத்துப் படமெடுத்து, மீண்டும் இருட்டுக்குள் கொண்டுபோய்த் துலக்கவும் வேண்டும். உலர்ந்துவிட்டால் தகடு பயனற்றதாகிவிடும். பாலைவெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? ஆகையால், நிழற்படக் கலைஞர் செல்லுமிடமெல்லாம் இருட்டறையும் உடன் செல்ல வேண்டியதாயிற்று. கமெராப் பெட்டி, இரசாயனப் பொருள்களும் தகடுகளும் அடங்கிய பெட்டி, இருட்டறையாகப் பயன்பட்ட பெரும் பெட்டி ஆகிய மூன்றையும் ஆற்றங்கரையிலிருந்து பாறைமீது சுமந்து ஏற்றினர். ஒரு படத்திற்காக ஏறிய அளவு மீண்டும் இறங்கினர். தகட்டைக் கழுவுவதற்கு ஆற்றில் நீர் இருந்தது. ஆனால், அதுவோ வண்டல் கலந்த செந்நீர். தெளியும்வரை அதனைப் பாத்திரங்களில் வைத்துக் காத்திருத்தல் வேண்டும்.

இத்தொல்லைகளுக்கு நடுவிலே ஒரு படகோட்டி நிழற்படக் கலைஞரான செய்தி குறிப்பிடத்தக்கது. ஜோன் ஹில்லர்ஸ் என்பவர் ஜெர்மனியில் 1843ஆம் ஆண்டு பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறியவர். போர்வீரராகப் பணியாற்றியவர். 1871இல் துடுப்பு வலிக்கும் வேலைக்கே அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆயினும், பீமனுக்கு உதவி செய்யும்போதெல்லாம் அவர் அத்தொழிலை உற்று நோக்கினார். பீமன் விலகிச் சென்ற பின்னர் வந்த ஃபெனமோர் என்பவர் அவருக்கு மேலும் கற்பித்தார். ஃபெனமோரும் நோயுற்று நீங்கியபோது கமெரா ஹில்லர்ஸின் கைக்கு வந்தது. அதன் பின்னர் அவர் அதனைக் கைவிடவில்லை. அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்தின் நிழற்படக் கலைஞராகப் பல்லாண்டு தொண்டாற்றி, 1925இல் மறைந்தார். கல்லூரி கண்டு கற்றவர் அல்லர் அவர். பாசறையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

1872ஆம் ஆண்டின் கோடையில் ஹில்லர்ஸும் ஃபெனமோரும் மற்றும் இருவரும், முந்திய ஆண்டில் ஆற்றங்கரையில் விட்டுச்சென்ற ஒரு படகை மீட்டு, அதிலேறிக் கீழ்நோக்கி வந்தனர். அவ்விருவரில் ஒருவரான டெலன்போ, முந்திய ஆண்டு பதினேழு வயதில் அக்குழுவிற் சேர்ந்த ஓவியர். அவர்கள் வந்த பகுதிக்குக் கிளென் கனியன் என்று பெயர். பவல் தம் முதற் பயணத்தின்போதே அப்பெயரை இட்டிருந்தார். கிளென் என்னும் சொல் மரஞ்செடிகள் அடர்ந்த சிறு பள்ளத்தாக்கைக் குறிக்கும். நூற்றைம்பது மைலுக்கு மேல் நீண்ட அக்குடைவில் ஆறு சீற்றமின்றி அமைதியாக ஓடியது. ஏனைய குடைவுகளில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு சென்றவர்கள், இங்கே விரும்பிய இடத்திற் படகை நிறுத்தி, இரவில் மணற்றிட்டிற் படுத்துறங்கி, பகலிற் படமெடுத்தனர். இருமருங்கும் செம்மணற்கல் வளைந்து கவிந்து நின்றது. பக்கத்துச் சிற்றிடுக்குகளில் ஊற்றுநீர் கசியும் இடமெல்லாம் பன்னச்செடிகள் தொங்கின.

அப்படங்களில் வானம் வெண்மையாகவே காணப்படும். ஈரத்தகடு நீல ஒளியை மிகுதியாக ஏற்பதால் முகிலும் வானும் ஒன்றாகி வெளுத்துவிட்டன. நிறமும் அவற்றில் இல்லை. ஆயினும், இரட்டைப் படங்களாக அச்சிடப்பட்டு, அவற்றைத் திரட்சியுடன் காட்டும் கண்ணாடிக் கருவியின் வழியாக, மேற்றிசையை ஒருநாளும் கண்டிராத அமெரிக்கக் குடும்பங்கள் பல அக்குடைவுகளைத் தம் இல்லத்திலிருந்தே கண்டன.

இனி, தொண்ணூறு ஆண்டுகள் கடந்து வருவோம். கொலராடோவின் நீரை ஏழு மாநிலங்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள 1922இல் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. வறண்ட நிலத்தில் நகரங்களும் வயல்களும் பெருகின. நீரைத் தேக்கவும் மின்வலு பெறவும் அணைக்கட்டுகள் வேண்டும் என்று கோரியவர்களின் கோரிக்கையைப் பொருளற்றதென்று தள்ளிவிட முடியாது. முதலில் வேறொரு தேசிய நினைவிடத்தின் எல்லைக்குள், எக்கோ பார்க் என்னும் இடத்தில் ஓர் அணை கட்டத் திட்டமிடப்பட்டது. சியரா கழகம் முதலிய இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. இறுதியில், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எக்கோ பார்க் அணை கைவிடப்பட்டது. கிளென் கனியன் அணைக்கு இசைவு கிடைத்தது. எதிர்த்து நின்றோருட் பெரும்பாலோர் கிளென் கனியனைக் கண்டவர் அல்லர். அது பூங்காவுமன்று, அதற்காகப் பேசுவோர் மிகச் சிலர். சியரா கழகத்தின் தலைமை அலுவலராயிருந்த டேவிட் பிறவர், தாம் காணாத இடத்தை விட்டுக்கொடுத்ததை எண்ணிப் பின்னாளில் ஆறாத் துயருற்றார்.

அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேதான் எலியட் போர்ட்டர் அங்கு சென்றார். 1901இற் பிறந்த அவர் முறையாக மருத்துவம் கற்றவர். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனம் கற்பித்தவர். ஆசிரியத்தொழிலைத் துறந்து நிழற்படக் கலையைத் தழுவியவர். 1960இல் முதன்முறையாகக் கிளென் கனியன் வழியே படகிற் சென்ற அவர், அடுத்த ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் சென்று, ஆற்றோரத்திற் பாசறையிட்டுத் தங்கினார். முக்காலியின்மீது பெரிய கமெராவை நிறுத்தி, ஒவ்வொரு தனித்தாளாகப் படமெடுப்பது அவர் வழக்கம்.

அவர் கண்டறிந்த உண்மை ஒன்று நிலக்காட்சிக் கலைஞர் யாவரும் அறியத்தக்கது. ஆழ்ந்த குடைவின் அடியில் நேரான வெயில் சிறிது நேரமே விழும். எஞ்சிய நேரமெல்லாம் நிழல்தான். ஆனால், அந்நிழல் வெறும் இருளன்று. எதிர்ச்சுவரின் உச்சியிற் பட்ட வெயில் செம்பொன் ஒளியாகத் தெறித்து இச்சுவரின்மீது விழும். திறந்த வானத்தின் நீலம், ஈரப்பாறையிலும் அசையாத நீரிலும் ஊதாவாகப் படியும். இரும்பும் மங்கனீசும் கலந்த கருமெருகு, நெடுங்காலமாகப் பாறைமீது படிந்து, தீட்டிய கோடுகள்போல் இறங்கிக் கிடக்கும். விரைந்து செல்பவன் இவற்றைக் காணமாட்டான். ஒரே இடத்திற் காலையும் மாலையும் காத்திருப்பவனே காண்பான். போர்ட்டர் பரந்த காட்சிகளையும் வானத்தையும் பெரும்பாலும் விலக்கினார். ஒரு சுவர், ஒரு தடாகம், ஒரு செடி, நீர் அரித்த ஒரு வளைவு ஆகியவற்றையே வண்ணத்திற் பதிவுசெய்தார். 1872இன் படங்கள் அந்நிலத்தின் வடிவைக் காட்டின. போர்ட்டரின் படங்கள் அதன் ஒளியைக் காட்டின.

1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஆற்றுநீரைத் திசைதிருப்பியிருந்த சுரங்கவழி அடைக்கப்பட, 710 அடி உயரமான அணைக்குப் பின்னால் நீர் ஏறத் தொடங்கியது. அதே ஆண்டில் போர்ட்டரின் படங்களைச் சியரா கழகம் ஒரு பெருநூலாக வெளியிட்டது. எவரும் அறியாத இடம் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். நூல் மக்கள் கைக்குக் கிடைத்தபோது, அதிலுள்ள இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீரில் அமிழ்ந்துகொண்டிருந்தன. நீர்த்தேக்கம் முதன்முறை முற்றாக நிரம்ப 17 ஆண்டுகள் சென்றன. அது 1980ஆம் ஆண்டு. அத்தேக்கத்திற்கு இட்ட பெயரோ பவல் ஏரி. அக்குடைவைப் புகழ்ந்து பெயரிட்டவரின் பெயரே அதனை மூடிய நீருக்குச் சூட்டப்பட்டது.

படங்கள் காலந்தாழ்த்தியே வந்தன. கிளென் கனியனை அவை காக்கவில்லை. ஆயினும், அவை வீண்போகவில்லை. பெருங்குடைவு எனப் புகழ்பெற்ற கிராண்ட் கனியனின் எல்லைகளுக்கு அருகே மேலும் இரண்டு அணைகள் கட்டும் திட்டம் அடுத்து எழுந்தபோது, மக்கள் முன்போல வாளாவிருக்கவில்லை. இழந்தது யாது என்பதை அவர்கள் கண்ணாற் கண்டிருந்தனர். 1964இல் கிராண்ட் கனியன் பற்றிய வண்ணப்பட நூலொன்று வெளிவந்தது. 1966இல் நாளிதழ்களில் முழுப்பக்க அறிவித்தல்கள் வெளிவந்தன. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விரு அணைகளும் இன்றியே நிறைவேறியது.

ஆற்றின் மேற்பகுதியிலே கனியன்லாண்ட்ஸ் என்னும் நிலப்பரப்பின் வரலாறும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. கிறீன் ஆறும் கொலராடோவும் கூடும் இடம் அது. அங்கும் ஓர் அணை கட்டலாம் என்று கருதிய நீர்ப்பாசன ஆணையாளர், 1961இல் உள்நாட்டு அமைச்சர் ஸ்ருவர்ட் யூடாலுக்கு அவ்விடத்தை விமானத்திலிருந்து காட்டினார். ஆணையாளர் கண்டது அணைக்குரிய இடம். அமைச்சர் கண்டதோ பூங்காவிற்குரிய இடம். அண்மையிலிருந்த ஆர்ச்சஸ் பூங்காவின் பொறுப்பாளரான பேற்ஸ் வில்சன், அதே ஆண்டில் அமைச்சரையும் அரசாங்க அலுவலர்களையும் ஜீப் வண்டிகளில் அழைத்துச் சென்று, பாறைகளுக்கு நடுவே பாசறையிட்டுத் தங்கச் செய்தார். மேசைமீது விரித்த வரைபடம் செய்ய இயலாததை அப்பாசறை செய்தது. 1964ஆம் ஆண்டு செப்டெம்பரில் கனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவாயிற்று. பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்று 527 சதுர மைல் பரப்புடையதாய் விளங்குகின்றது.

இன்று அப்பூங்காவிற் பாசறையிடும் நிழற்படக் கலைஞருக்குத் தகட்டுப் பெட்டியும் இல்லை, இருட்டறையும் இல்லை. எண்ணற்ற படங்களை ஒரு விரல்நகமளவு தகட்டில் அடக்கிக்கொள்ளலாம். ஆயினும், நிலம் தன் நிபந்தனைகளைத் தளர்த்தவில்லை. ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் நீரேனும் எடுத்துச் செல்லுமாறு பூங்காவினர் அறிவுறுத்துகின்றனர். மேட்டுப் பகுதிகளில் நீர் கிடைப்பது அரிது. உட்புறத்தில் இரவு தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். விடியலுக்கு முன்னரே எழுந்து, குளிரிற் கைவிறைக்க நடந்து சென்று, மீசா ஆர்ச் என்னும் கல்வளைவின்முன் காத்திருப்போர் பலர். கதிரவன் எழுந்ததும் கீழுள்ள செங்குத்துப் பாறையிற் பட்டுத் தெறிக்கும் ஒளியால் அவ்வளைவின் அடிப்புறம் தணல்போற் சிவக்கும். சிறிது நேரமே அக்காட்சி நிற்கும். நகர விளக்குகளின் ஒளி தீண்டாத இருளுக்காகவும் அப்பூங்கா 2015இற் சிறப்பிக்கப்பட்டது. பால்வீதி அடிவானிலிருந்து அடிவானம்வரை தெளிவாகத் தோன்றும் இரவுகள் அங்கு உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள் அங்கு செல்வோர் மறத்தலாகாதவை. ஒன்று காலடியைப் பற்றியது. செடிகளுக்கிடையே கருமையாய்ப் புடைத்துக் கிடக்கும் மண்ணோடு உயிருள்ளது. நுண்ணுயிர்களும் இலைக்கன்களும் பாசிகளும் பின்னிப் பிணைந்து மணலைக் கட்டி நிறுத்தி, ஈரத்தையும் நைதரசனையும் நிலத்திற்கு அளிக்கின்றன. நல்ல கோணம் தேடிப் பாதையை விட்டு விலகும் ஒருவனின் ஓரடி அதனை நொறுக்கிவிடும். அது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். மற்றொன்று வெள்ளத்தைப் பற்றியது. நிற்கும் இடத்தில் வானம் தெளிந்திருப்பினும், பல மைலுக்கு அப்பாற் பெய்த மழை குறுகிய இடுக்கினுள் சுவராக வந்து மோதும். பவல் ஏரியின் அருகே நவஹோ மக்களின் நிலத்திலுள்ள அன்ரலோப் இடுக்கில், 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள், இவ்வாறு வந்த வெள்ளத்தில் பதினொரு பேர் உயிரிழந்தனர்.

இவ்விடத்தில் ஒரு முரண்பாடும் தோன்றுகின்றது. அறியப்படாமையாற் கிளென் கனியன் அழிந்தது. ஆனால், இன்று சில இடங்கள் அளவுமீறி அறியப்பட்டதாலேயே நலிகின்றன. ஒருவர் எடுத்த அழகிய படத்தைக் கண்டு, அதே படத்தை அதே இடத்தில் நின்று எடுக்க ஆயிரவர் வருகின்றனர். படம் ஓரிடத்திற்கு அரணும் ஆகலாம், ஊறும் ஆகலாம். எது ஆகும் என்பது கருவியைப் பொறுத்ததன்று. அதனைக் கையிற் கொண்டவர் அங்கே எவ்வளவு காலம் தங்கினார், எத்துணை அறிந்தார், எதனை மிதியாது விட்டார் என்பவற்றைப் பொறுத்ததாகும். ஹில்லர்ஸ் பெட்டி சுமந்து கற்றார். போர்ட்டர் நிழலிற் காத்திருந்து கற்றார். கற்றவரின் படத்திலேதான் பிறர் கற்பதற்கும் ஏதேனும் இருக்கும்.

கதை இன்னும் முடியவில்லை. 2000ஆம் ஆண்டின் பின்னர் அந்நிலத்தை நீண்ட வறட்சி வாட்டி வருகின்றது.  2023ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பவல் ஏரியின் நீர்மட்டம், நிறைந்த மட்டத்திலிருந்து ஏறத்தாழ 180 அடி தாழ்ந்தது. ஏரி நிரம்பத் தொடங்கிய காலத்திற்குப் பின்னர் அதுவே மிகத் தாழ்ந்த மட்டம். நீர் இறங்க இறங்க, மறைந்த பக்கக்குடைவுகள் வெளிப்பட்டன. பாலைவனத் தேவாலயம் எனப் பொருள்படும் பெயருடைய ஒரு பெருங் கற்குகையும் அவற்றுள் ஒன்று. நீர் ஏறி வந்துகொண்டிருந்த 1964இல் ஃபிலிப் ஹைட் என்னும் கலைஞர் அதனைப் படம்பிடித்திருந்தார். 2005இற் சில காலம் அது தலைகாட்டியது. அண்மைக் காலத்தில் மீண்டும் வெளிப்பட்டு, அதன் சிற்றருவி பாறையில் வழிந்து விழுந்தது. வண்டல் படிந்த சில பள்ளங்களில் மரக்கன்றுகளும் முளைத்தெழுந்துள்ளன. நீர் மீண்டும் உயருமா, குடைவு தன் பழைய உருவை அடையுமா என்பது பனிமழையையும் மாநிலங்களின் முடிவையும் பொறுத்தது.

மின்வலுவும் நீரும் வேண்டும் என்போருக்கும், குடைவு வேண்டும் என்போருக்கும் இடையிலான வழக்கு இவ்வாறு மீண்டும் எழுந்துள்ளது. ஆயினும், இம்முறை வழக்கு இருளில் நடைபெறவில்லை. 1956இல் முடிவெடுத்தோர், தாம் எதனைக் கொடுக்கின்றனர் என்று அறியாமலே கொடுத்தனர். இனி முடிவெடுப்போர் அவ்வாறு கூற இயலாது. பாறைமீது பெட்டி சுமந்து ஏறியவர்களும், ஆற்றோரத்தில் ஒளிக்காகக் காத்திருந்தவர்களும் எடுத்துவைத்த படங்கள் அவர்கள் கண்முன் உள்ளன.